விண்ணப்பக் கடிதத்தில் படிப்பவர் தேடுவது என்ன?

ஆள்சேர்ப்புப் பணியில் இருப்பதால், விண்ணப்பக் கடிதங்களைப் படிப்பது எனக்கு அன்றாட வேலை. தகுதியும் அனுபவமும் இருந்தும் நேர்காணலுக்கு அழைக்கப்படாமலே போகிறவர்கள் ஏராளம் என்பதும், அவர்களில் பலரை அவர்கள் எழுதிய கடிதமே பின்னுக்குத் தள்ளிவிடுகிறது என்பதும் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகின்றன. 'இந்த வேலை எனக்கு மிகவும் தேவை', 'ஒரு வாய்ப்புக் கொடுத்தால் கடுமையாக உழைப்பேன்', 'தங்கள் நிறுவனத்தில் சேர்ந்து என் திறனை வளர்த்துக்கொள்ள விரும்புகிறேன்' என்று தொடக்கம் முதல் முடிவு வரை விண்ணப்பதாரரின் தேவை மட்டுமே பேசப்படும் கடிதங்கள்தான் அதிகம் வருகின்றன. படிப்பவர் மனத்தில் இருப்பதோ வேறொரு கேள்வி: காலியாக உள்ள இந்த இடத்தின் வேலையை இவரால் செய்ய முடியுமா, அதற்கு என்ன ஆதாரம்?

இந்தக் கேள்வி புதியதன்று. லியொனார்டோ டா வின்சி 1482ஆம் ஆண்டையொட்டி மிலான் நகரின் ஆட்சியாளர் லுடோவிகோ ஸ்ஃபோர்சாவிடம் வேலை கேட்டு எழுதிய கடிதத்தின் வரைவு இன்றும் கிடைக்கிறது. எளிதில் தூக்கிச் செல்லக்கூடிய பாலங்கள், முற்றுகைக் கருவிகள், பீரங்கிகள், கவச வண்டிகள் எனப் போருக்குப் பயன்படும் தம் திறன்களை எண்ணிட்டு வரிசைப்படுத்திய அவர், ஓவியம் வரையவும் தெரியும் என்பதைக் கடைசியில்தான் குறிப்பிடுகிறார். தமக்கு எது பெருமை என்பதை ஒதுக்கிவைத்து, கடிதத்தைப் பெறுபவருக்கு எது தேவை என்பதிலிருந்து அவர் தொடங்கியிருப்பது இன்றைக்கும் கவனிக்கத்தக்கது.

ஆகவே, எழுத உட்காரும் முன் வேலைவாய்ப்பு விளம்பரத்தை இரண்டு முறையாவது நிதானமாகப் படித்து, அதில் கேட்கப்பட்டிருக்கும் முக்கியமான மூன்று நான்கு தேவைகளை அடிக்கோடிட்டுக்கொள்ள வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே, நீங்கள் செய்த வேலையிலிருந்து ஒரு சான்றை எழுதிப் பாருங்கள். வாடிக்கையாளர் புகார்களைக் கையாளும் பணி என்று வைத்துக்கொள்வோம். 'எனக்குச் சிறந்த தகவல்தொடர்புத் திறன் உண்டு' என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம். படிப்பவரின் கண் அந்த வரியில் நிற்பதே இல்லை. 'முந்தைய பணியில் நாளொன்றுக்குச் சுமார் 40 புகார் அழைப்புகளுக்குப் பதிலளித்தேன். பொருளைத் திருப்பி அனுப்புவது பற்றிய கேள்விகளே திரும்பத் திரும்ப வந்ததால், அவற்றுக்கான விடைகளை ஒரே பக்கத்தில் தொகுத்துக் குழுவினர் அனைவருக்கும் கொடுத்தேன். அதன்பின் ஒரே புகாருக்காக மறுபடி அழைப்பவர்கள் குறைந்தார்கள்' என்று எழுதியவரை நேரில் பார்க்க வேண்டும் என்று தோன்றும். அவர் எங்கும் தம்மைப் புகழ்ந்துகொள்ளவில்லை. செய்ததைச் சொன்னார், மதிப்பீட்டைப் படிப்பவரிடம் விட்டுவிட்டார். எண் கையில் இருந்தால் சேர்க்கலாம், இல்லையென்றால் கற்பனையாக ஒன்றை எழுதக் கூடாது, ஏனெனில் நேர்காணலில் முதல் கேள்வி அந்த எண்ணைப் பற்றியதாகவே இருக்கும்.

பணி அனுபவம் இல்லாதவர்கள் இந்த இடத்தில்தான் தயங்குகிறார்கள். கல்லூரியில் செய்த திட்டப்பணி, தன்னார்வப் பணி, பகுதிநேர வேலை ஆகியவற்றில் நீங்கள் ஏற்ற பொறுப்பும் அதன் விளைவும் தெளிவாகச் சொல்லப்பட்டால், அவையும் சான்றுகளே.

பெரிய நிறுவனங்கள் பலவற்றில் விண்ணப்பங்கள் முதலில் ஒரு மென்பொருளில் பதிவாகின்றன. அதில் தேர்வாளர்கள் குறிப்பிட்ட சொற்களைக் கொடுத்துத் தேடுவது உண்டு. எனவே, ஒரு திறனுக்கு விளம்பரம் எந்தப் பெயரைத் தருகிறதோ அதே பெயரை நீங்களும் பயன்படுத்துவது நல்லது. அதற்காகச் சொற்களை வரிசையாக அடுக்கிவைத்தால், பின்னர் படிக்கும் மனிதருக்கு அது வெற்றுப் பட்டியலாகவே தெரியும்.

ஒரே கடிதத்தைப் பத்து இடங்களுக்கு அனுப்புவதால், வேறொரு நிறுவனத்தின் பெயர் அப்படியே தங்கிவிடுவதை அடிக்கடி பார்க்கிறேன். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைக் கொண்டு எழுதப்படும் கடிதங்களில் இந்தப் பிழை குறைவு, ஆனால் எல்லாம் ஒரே குரலில் ஒலிக்கின்றன. பிழை திருத்த அவற்றை நாடுவதில் தவறில்லை. உங்கள் அனுபவத்தை எழுதும் வரிகளை மட்டும் நீங்களே எழுதுங்கள்.

பணியில் இடைவெளி இருந்தால் அதை மறைக்கவும் வேண்டாம், அதற்காக ஒரு பத்தி முழுவதும் விளக்கமளிக்கவும் வேண்டாம். குடும்பப் பொறுப்பு, உடல்நலம், மேற்படிப்பு என்று காரணத்தை ஒரே வரியில் சொல்லி, இப்போது பணிக்குத் தயாராக இருப்பதைத் தெரிவித்தால் போதும். முந்தைய மேலாளர் மீதான மனக்குறைக்குக் கடிதத்தில் இடமில்லை. எதிர்பார்க்கும் ஊதியத்தைக் கேட்டால் மட்டும் எழுதுங்கள். அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றை விண்ணப்பக் கடிதத்தில் எழுதவே கூடாது. நேர்காணலுக்கு முன்பே பதிவுக் கட்டணம் என்று பணம் கேட்பவர்களிடமிருந்து விலகிவிடுங்கள்.

கடிதம் ஒரு பக்கத்துக்குள், 250 முதல் 400 சொற்களுக்குள் அடங்கட்டும். மின்னஞ்சலின் பொருள் வரியில் பணியின் பெயரும் விளம்பர எண்ணும் இருக்க வேண்டும். இணைப்பைப் பிடிஎஃப் வடிவில், உங்கள் பெயரையே கோப்பின் பெயராக வைத்து அனுப்புங்கள். இறுதிப் பத்தியில் எப்போது பணியில் சேர முடியும், எந்த எண்ணில் தொடர்புகொள்ளலாம் என்பதைக் குறிப்பிட்டு, அனுப்பும் முன் முழுவதையும் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்; கண்ணுக்குத் தப்பிய பிழைகள் பல அப்போது காதில் விழும்.