வழுவா, பழுதா?

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு தம்பி கம்பியூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தான். "அண்ணா, விண்டோஸில பக் இருக்கு. மூண்டு தரம் திரும்பப் போட்டுப் பாத்திட்டன், நிண்டு நிண்டு போகுது." கழற்றிப் பார்த்தால் இரண்டு ராமில் (கணினியின் தற்காலிக நினைவகத் தகடு) ஒன்று போய்விட்டது.

'பக்' என்றால் ஆங்கிலத்தில் பூச்சி. இயந்திரக் கோளாறைப் பூச்சி என்பது கணினிக்கும் முந்திய வழக்கு. தோமஸ் எடிசன் 1878இல் எழுதிய கடிதத்திலேயே வருகிறது. 1947 செப்டெம்பர் 9இல் ஹார்வர்ட் மார்க் 2 கணினியின் ரிலே (மின்னால் இயங்கும் ஆளி) ஒன்றுக்குள் அந்துப்பூச்சி அகப்பட, அதைப் பதிவேட்டில் ஒட்டி, மெய்யான பூச்சியே பிடிபட்டது என்று பகிடியாக எழுதி வைத்தார்கள். அது வன்பொருட் கோளாறு. இன்று அந்தச் சொல் பெரும்பாலும் நிரற்பிழையைத்தான், அதாவது மென்பொருளை எழுதியதில் உள்ள பிழையைத்தான், குறிக்கிறது.

அதற்குத் தமிழ் வழு. இலக்கணக்காரரின் பழைய சொல். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என வழு ஏழு. 'அவன் வந்தாள்' பால்வழு: இரண்டும் நல்ல சொற்கள், சேர்த்த விதம்தான் பிழை. நிரல்வழுவும் அப்படித்தான். பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் நீளம் அளக்கும் வேணியர் இடுக்கியில் 'பூச்சிய வழு' பார்த்தவர்களுக்குச் சொல் புதிதல்ல. (வழக்கம் ஏற்றுக்கொண்ட வழு வழுவமைதி. "அது பக் இல்லை, வசதி" என்று மென்பொருள்காரர் மழுப்புவதற்கு அளவெடுத்துத் தைத்த சொல்.)

வன்பொருள் கெட்டால் அது பழுது. குறளில் (639) 'பழுதெண்ணும் மந்திரி', அரசன் பக்கத்திலிருந்தே கேடு நினைக்கும் அமைச்சன், வருகிறான். புரொசஸருக்குப் பக்கத்திலிருந்து பிழையாக ஓதும் ராமும் அவன் சாதிதான்.

வழு பெரும்பாலும் ஓரிடத்தில் இருக்கும்: அதே பொத்தானை அமத்தினால் அதே இடத்தில் விழும். பழுது அலையும். இன்று பிரவுசர் மூடும், நாளை படம் பார்க்கையில் நீலத்திரை, மறுநாள் விண்டோஸ் போடும்போதே பாதியில் நிற்கும். ராமில் 1 ஆக இருக்கவேண்டிய ஓரிடம் 0 ஆகிவிட்டால், அன்றைக்கு அந்த இடம் எந்த நிரலுக்குக் கிடைக்கிறதோ அதற்குத்தான் அடி. விண்டோஸை எத்தனை தரம் போட்டும் என்ன?

மின்சாரத்தைக் கழற்றிவிட்டு ராமை உருவி, தங்க நிறப் பற்களை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து மாட்டிப் பாருங்கள். நம்முடைய உப்புக் காற்றுக்கு அதுவே சிலவேளை போதும். சரிவராவிட்டால் ஒவ்வொன்றாகத் தனியே மாட்டி, பென்டிரைவிலிருந்து மெம்டெஸ்ட்86+ என்ற ராம் சோதிக்கும் நிரலை இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரேயொரு பிழை காட்டினாலும் பழுதுதான். ராமை வேறு குழியில் (ஸ்லொட்டில்) மாற்றி மாட்டும்போது பிழையும் கூடவே போனால் ராம். குழியிலேயே தங்கினால் பெரும்பாலும் மதர்போர்ட். ஒன்றுமே காட்டாவிட்டால் சூட்டையும் பவர் சப்ளையையும் பாருங்கள்.

தம்பியின் ராமுக்கு அழிறப்பர் உதவவில்லை. நல்லதை மட்டும் விட்டு, இது வழுவில்லை பழுது என்று விளக்கி அனுப்பினேன். இரண்டு நாளால் கோல் எடுத்தான்: "அண்ணா, பக் போயிட்டுது."