செனட் வேட்பாளருக்குப் பணம் அனுப்பும் முன் அந்தக் கட்டங்களைப் படியுங்கள்

அமெரிக்காவில் வருமான வரிக் கணக்கு பார்ப்பது என் தொழில். தேர்தல் முடிந்து வரி சீசன் வந்தால் நம் ஆட்களில் சிலர் தவறாமல் கேட்பது, "தேர்தல் நன்கொடைக்கு வரிச்சலுகை உண்டா?" கிடையாது. ஆனால் என் கவலை வேறு: எந்த விசாவில் இருந்துகொண்டு, யாருடைய பணத்தைக் கொடுத்தார்கள் என்பது.

பதவியில் இருக்கும் செனட்டரை (அமெரிக்க நாடாளுமன்ற மேலவை உறுப்பினரை) எதிர்த்து நிற்பவருக்குப் பெரும்பாலும் சின்னச் சின்ன நன்கொடைகள்தான் பலம். அதனால்தான் மெசேஜும் மெயிலும் கொட்டுகின்றன. 2020இல் தென் கரோலினாவில் லிண்ட்சே கிரகாமை எதிர்த்த ஜேமி ஹாரிசன் மூன்றே மாதத்தில் 5.7 கோடி டாலர் திரட்டினார், அதுவரை எந்த செனட் வேட்பாளரும் ஒரு காலாண்டில் அவ்வளவு திரட்டியதில்லை. ஆனாலும் சுமார் 10 சதவீத வித்தியாசத்தில் தோற்றார்.

சரி, கொடுப்பது உங்கள் விருப்பம். ஆனால் எச்-1பி, எல்-1 போன்ற வேலை விசா, மாணவர் விசா, இவற்றில் எதில் இருந்தாலும் ஒரு டாலர்கூடக் கொடுக்கக் கூடாது. குடியுரிமையோ கிரீன் கார்டோ இருக்க வேண்டும். இத்தனை வருஷம் வரி கட்டுகிறேனே என்று கேட்பார்கள், நியாயமான ஆதங்கம்தான், ஆனால் சட்டம் அதைப் பார்ப்பதில்லை. பணம் கட்டும் பக்கத்திலேயே "நான் குடிமகன் அல்லது நிரந்தரவாசி", "இது என் சொந்தப் பணம்" என்று உறுதி கேட்டிருப்பார்கள், அவசரத்தில் படிக்காமல் டிக் செய்துவிடுகிறோம். பணம்தான் கூடாது, சம்பளம் வாங்காமல் பிரச்சாரத்தில் தொண்டராக உழைக்க விசாவில் இருப்பவர்களுக்கும் தடையில்லை.

இரண்டாவது இன்னும் ஆபத்து. ஒரு தேர்தலுக்கு ஒரு வேட்பாளருக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு உண்டு, 2025-26க்கு அது 3,500 டாலர், பிரைமரிக்கு (கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலுக்கு) தனி, பொதுத்தேர்தலுக்குத் தனி. அதைத் தாண்ட நினைத்து "உன் பெயரில் போடு, நான் தந்துவிடுகிறேன்" என்று நண்பரிடம் சொன்னால் அது குற்றம். மும்பையில் பிறந்த எழுத்தாளர் தினேஷ் டிசூசா இதைத்தான் செய்தார். 2012இல் நியூயார்க் செனட்டர் கிர்ஸ்டன் கில்லிபிராண்டை எதிர்த்த வெண்டி லாங்குக்கு மற்றவர்கள் பெயரில் 20,000 டாலர் போகச் செய்தார். 2014இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 5 வருட நன்னடத்தைக் கண்காணிப்பு, அதில் 8 மாதம் கண்காணிப்பு விடுதியில் தங்கல், 30,000 டாலர் அபராதம் என்று தண்டனை பெற்றார். 2018இல் ஜனாதிபதி மன்னிப்பு கொடுத்தார். நமக்கெல்லாம் மன்னிப்புக் கடிதம் வராது. அவர் பணம் போகச் செய்த வெண்டி லாங் ஜெயிக்கவும் இல்லை.

இன்னொன்று, "மாதாமாதம்" என்ற கட்டம் டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆகியிருந்தால் கார்டிலிருந்து பணம் போய்க்கொண்டே இருக்கும்.

விசாவில் இருந்துகொண்டு ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால், பிரச்சாரக் குழுவின் பொருளாளருக்கு எழுதித் திருப்பிக் கேளுங்கள், தகுதியில்லாதவர் பணம் என்று தெரிந்தால் சட்டப்படி அவர்கள் அதை வைத்துக்கொள்ள முடியாது. பணம் திரும்பி வந்த ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கும் முன் குடியேற்ற வழக்கறிஞரிடம் இதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.