இயங்குதளம் நிறுவ எந்த பென் டிரைவ், எந்த போர்ட்?

பென் டிரைவிலிருந்து கணினி தொடங்கிவிட்டது. நிறுவியின் முதல் திரையும் வந்துவிட்டது. மொழியைத் தேர்ந்தெடுத்து அடுத்த பொத்தானை அழுத்தியதும், 'கணினிக்குத் தேவையான டிரைவர் இல்லை' என்று நின்றுவிடுகிறது. (ஒரு சாதனத்தோடு பேச இயங்குதளத்துக்கு உதவும் மென்பொருள்தான் டிரைவர்.) அந்தத் திரை வந்ததே இந்த பென் டிரைவிலிருந்துதான். சில நொடிகளுக்குள் அதே பென் டிரைவ் கணினியின் கண்ணில் படாமல் போவது எப்படி? இது புரிந்துவிட்டால் எதை வாங்குவது, எங்கே செருகுவது என்பதும் தெளிவாகிவிடும்.

நிறுவலின்போது ஒரே பென் டிரைவை இரண்டு வெவ்வேறு மென்பொருள்கள் அடுத்தடுத்துப் படிக்கின்றன. முதலில் படிப்பது மதர்போர்டின் சில்லில் பதிந்திருக்கும் ஃபர்ம்வேர். பழைய கணினிகளில் அது பயாஸ், புதியவற்றில் யூஇஎஃப்ஐ. அது பென் டிரைவிலிருந்து முதலில் ஓட்டுவது பூட்லோடர் என்னும் சிறு நிரல். இந்த நிரலுக்குச் சொந்தமாக யூஎஸ்பி டிரைவர் கிடையாது. ஃபர்ம்வேரிடம் கேட்டுத்தான் அது கோப்புகளை நினைவகத்துக்குக் கொண்டுவருகிறது. பிறகு நிறுவியின் மையப் பகுதியான கெர்னல் பொறுப்பேற்கிறது. அது ஃபர்ம்வேரின் உதவியைக் கைவிட்டு, போர்ட்டுகளை நிர்வகிக்கும் யூஎஸ்பி கன்ட்ரோலரை மீளமைத்து, செருகியிருக்கும் சாதனங்கள் ஒவ்வொன்றையும் தன் சொந்த டிரைவரால் முதலிலிருந்து அடையாளம் காண்கிறது. அந்த டிரைவர் இல்லாவிட்டாலோ, மீளமைப்பின்போது பென் டிரைவ் பதில் தராவிட்டாலோ, திரை இருக்கும், நிறுவுவதற்கான கோப்புகள் கிடைக்காது.

இதற்குத் தெளிவான சான்று விண்டோஸ் 7. யூஎஸ்பி 3.0 வரையறை 2008இல் வெளியானது. 2009இல் வந்த விண்டோஸ் 7இன் நிறுவியில் அதற்கான டிரைவர் இல்லை. நீல நிறப் போர்ட்டில் செருகினால் ஃபர்ம்வேர் படித்துவிடும், கெர்னல் படிக்காது. பக்கத்திலுள்ள கறுப்பு யூஎஸ்பி 2.0 போர்ட்டுக்கு மாற்றினால் வேலை நடக்கும். 2015இல் இன்டெலின் ஆறாம் தலைமுறைச் சில்லுகளோடு வந்த சிப்செட்களில் (மதர்போர்டின் துணைச் சில்லுகளில்) பழைய யூஎஸ்பி 2.0 கன்ட்ரோலரே நீக்கப்பட்டது. கறுப்புப் போர்ட்டும் உள்ளே புதிய கன்ட்ரோலரில்தான் போய்ச் சேர்ந்தது. அதனால் அந்தக் கணினிகளில் விண்டோஸ் 7 நிறுவியின் திரையில் யூஎஸ்பி கீபோர்டும் மவுஸும்கூட இயங்கவில்லை. நிறுவிக்குள் டிரைவரைச் சேர்த்த பிறகே வழி பிறந்தது. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் இந்த டிரைவர் உள்ளேயே இருக்கிறது. இன்றைய லினக்ஸ் கெர்னல்களிலும் இருக்கிறது.

அப்படியானால் இன்றும் விண்டோஸ் 10, 11 நிறுவும்போது ஏன் அதே செய்தி வருகிறது? பெரும்பாலும் டிரைவர் காரணமில்லை. நிறுவிக்குத் தன் மூலக் கோப்பைப் படிக்க முடியவில்லை, அவ்வளவுதான். அதைத்தான் 'டிரைவர் இல்லை' என்று சொல்கிறது. கோப்பு சிதைந்திருக்கலாம், ஒரு போர்ட்டைப் பலவாக்கும் ஹப் தடுமாறியிருக்கலாம், இணைப்பு தளர்ந்திருக்கலாம். இதோடு குழப்பிக்கொள்ளக்கூடாத இன்னொரு சிக்கல் உண்டு. நிறுவி நன்றாக ஓடும், ஆனால் எந்த வட்டில் நிறுவுவது என்று கேட்கும் திரையில் பட்டியல் காலியாக இருக்கும். இன்டெலின் 11ஆம் தலைமுறை முதலான பல லேப்டாப்களில் உள் எஸ்எஸ்டி, சேமிப்பகத்தை நிர்வகிக்கும் விஎம்டி என்ற இன்டெல் அமைப்பின் பின்னால் இருப்பதே காரணம். பென் டிரைவையோ போர்ட்டையோ மாற்றி இங்கே பயனில்லை. தயாரிப்பாளர் அதற்கெனத் தரும் இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரைப் பிரித்து, அதே பென் டிரைவில் ஒரு ஃபோல்டரில் போட்டுவைத்து, 'டிரைவரை ஏற்று' என்ற பொத்தான் வழியே காட்ட வேண்டும்.

இனி போர்ட். யூஎஸ்பி 2.0இன் உச்ச வேகம் நொடிக்கு 480 மெகாபிட். நடைமுறையில் 30 முதல் 40 மெகாபைட் கிடைக்கும். யூஎஸ்பி 3.0, 3.1 ஜென் 1, 3.2 ஜென் 1 என்று மூன்று பெயர்களில் விற்பது ஒன்றே, 5 ஜிகாபிட். பழைய செருகியில் 4 தொடுமுனைகள் இருந்தன. புதியதில் உள்ளே தள்ளி இன்னும் 5 சேர்ந்து 9 ஆகின. அதிவேகத் தகவல் இந்த 5இன் வழியாகத்தான் போகிறது. தயங்கித் தயங்கிச் செருகினால் முன்னால் இருக்கும் 4 முனைகள் முதலில் தொட்டு, டிரைவ் யூஎஸ்பி 2.0 ஆகவே பதிவாகிவிடக்கூடும். ஒரே அழுத்தில் முழுதாகச் செருகுவது நல்லது. நீல நிறத்தை முழுதாக நம்ப முடியாது. அது பரிந்துரைதான், கட்டாயமில்லை. போர்ட் அருகே 'எஸ்எஸ்' முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

மேசைக் கணினியில் பின்பக்கப் போர்ட்டையே பயன்படுத்துங்கள். அது மதர்போர்டில் நேரடியாகப் பற்றவைக்கப்பட்டது. முன்பக்கப் போர்ட் பெட்டிக்குள் ஓடும் ஒரு கம்பியின் வழியாக வருகிறது. அந்தக் கம்பியின் தரத்துக்கேற்பச் சமிக்ஞை தேயும். 480 மெகாபிட்டில் தெரியாத தேய்வு 5 ஜிகாபிட்டில் பிழையாக வெளிப்படும். ஒரு பென் டிரைவ் யூஎஸ்பி 3.0 போர்ட்டில் பாதியில் துண்டாகி, 2.0 போர்ட்டில் அமைதியாக வேலை செய்வதற்கு இதுவே காரணம். பழைய மதர்போர்டுகளில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். போர்ட்டுகளைக் கூட்டுவதற்காக ஏஎஸ்மீடியா போன்ற தனிச் சில்லுகள் சேர்க்கப்பட்டிருக்கும். இயங்குதளம் வந்த பிறகு அந்தப் போர்ட்டுகள் இயங்கும். ஆனால் தொடக்கத்தில் ஃபர்ம்வேர் அவற்றைப் பார்க்காமல் போகலாம். சிப்செட்டோடு நேரடியாக இணைந்த போர்ட் எது என்று மதர்போர்டின் கையேடு சொல்லும். ஹப், மானிட்டரில் உள்ள போர்ட், மலிவான டைப்-சி மாற்றி ஆகியவற்றை நிறுவும் நேரத்தில் ஒதுக்கிவிடுங்கள்.

வயர்லெஸ் மவுஸ் வைத்திருப்பவர்கள் கவனிக்க: யூஎஸ்பி 3.0 இணைப்பு 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலைக் கசியவிடும். இதை இன்டெலே 2012இல் ஒரு வெள்ளை அறிக்கையில் விளக்கியிருக்கிறது. மவுஸின் ரிசீவரை பென் டிரைவுக்கு ஒட்டிய போர்ட்டில் வைத்தால் சுட்டி திக்கித் திக்கி நகரும். நிறுவி உறைந்துவிட்டது என்று நினைத்துக் கணினியை அணைத்துவிடாதீர்கள். ரிசீவரைத் தள்ளிச் செருகினால் போதும்.

வேகத்துக்காக எவ்வளவு கவலைப்படலாம்? 6 ஜிபி நிறுவியை நொடிக்கு 35 மெகாபைட்டில் படித்தால் ஏறத்தாழ 3 நிமிடம், 150 மெகாபைட்டில் படித்தால் 40 நொடி. நிறுவி சுருக்கப்பட்ட கோப்பை விரித்துக்கொண்டே படிப்பதால் உண்மையான வித்தியாசம் இன்னும் குறையும். ஒருமுறை நிறுவுவதற்கு அந்த இரண்டு நிமிடத்தைவிட, இடையில் அறுபடாத இணைப்புதான் முக்கியம். சந்தேகம் வந்தால் தயங்காமல் 2.0 போர்ட்டுக்கு இறங்குங்கள்.

பென் டிரைவில் முதலில் பார்க்க வேண்டியது கொள்ளளவு. விண்டோஸுக்குக் குறைந்தது 8 ஜிபி. 16 ஜிபி இருந்தால் கூடுதல் டிரைவர்களுக்கும் இடம் கிடைக்கும். அதற்கு மேல் தனிப் பயன் இல்லை. அறிவித்த கொள்ளளவு உண்மைதானா என்பதைத்தான் கட்டாயம் சோதிக்க வேண்டும். போலி டிரைவுகளில் கன்ட்ரோலர், உள்ளே 8 ஜிபி சில்லை வைத்துக்கொண்டு 64 ஜிபி என்று பொய் சொல்லும்படி நிரலிடப்பட்டிருக்கும். எல்லையைத் தாண்டி எழுதினாலும் பிழைச் செய்தி வராது. தகவல் காணாமல் போகும், அல்லது பழையதன் மேல் ஏறிவிடும். படிக்கும்போதுதான் உண்மை தெரியும். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 ஆகிய நிரல்கள் டிரைவ் முழுவதும் எழுதி, திரும்பப் படித்து ஒப்பிடும். நேரம் பிடிக்கும், ஆனால் புதிய டிரைவுக்கு ஒருமுறை செய்தால் போதும். நகலெடுப்பு பாதியில் 80070570 என முடியும் எண்ணோடு நின்றால், கோப்பு சிதைந்து படிக்க முடியவில்லை என்று பொருள். அப்போது முதலில் பென் டிரைவையும் தரவிறக்கிய கோப்பையும் சந்தேகியுங்கள்.

டிரைவில் எழுதும் வேகம் தொடக்கத்தில் நன்றாக இருந்து, பிறகு நொடிக்கு 10 மெகாபைட் அளவுக்கு விழுந்தால் அது பழுதல்ல. மலிவான டிரைவுகள் ஒரு செல்லில் மூன்று பிட் சேமிக்கின்றன. சில டிரைவுகள் வேகம் காட்டுவதற்காக ஒரு பகுதியை ஒரு பிட் முறையில் நடத்தும். அது நிரம்பியதும் உண்மை வேகம் வெளிப்படும். நிறுவலின்போது டிரைவைப் படிப்பதே வேலை என்பதால் இது பெரிதாகப் பாதிக்காது. பென் டிரைவுக்குள்ளேயே இயங்குதளத்தை நிறுவி அங்கிருந்தே ஓட்டப் போகிறீர்கள் என்றால் கணக்கு தலைகீழ். அங்கே ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் இங்கும் அங்கும் எழுதப்படும். சாதாரண பென் டிரைவ் அதில் திணறி, சீக்கிரமே தேய்ந்தும் போகும். அந்த வேலைக்கு யூஎஸ்பி உறையில் போட்ட எஸ்எஸ்டிதான் பொருத்தம்.

அடுத்து கோப்பமைப்பு, அதாவது டிரைவில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை. பலர் சறுக்கும் இடம் இதுதான். யூஇஎஃப்ஐ கட்டாயம் படிக்க வேண்டியது ஃபேட் வகை மட்டுமே. என்டிஎஃப்எஸ் சில கணினிகளில் படிக்கும், சிலவற்றில் படிக்காது. ஃபேட்32இலோ ஒரு கோப்பு 4 ஜிபியை எட்ட முடியாது. விண்டோஸின் முக்கிய நிறுவல் கோப்பான 'இன்ஸ்டால்.விம்' இன்று அந்த எல்லையைத் தாண்டிவிட்டது. தரவிறக்கிய நிறுவல் கோப்பான ஐஎஸ்ஓவைத் திறந்து ஃபேட்32 டிரைவுக்குக் கையால் நகலெடுத்தால் அந்த ஒரு கோப்பு மட்டும் மறுக்கப்படும். இதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன. மைக்ரோசாஃப்டின் மீடியா உருவாக்கும் கருவி, இன்னும் இறுக்கமாகச் சுருக்கிய இஎஸ்டி கோப்பை எழுதுகிறது. விண்டோஸின் டிஸ்ம் கட்டளையால் விம் கோப்பை 3800 மெகாபைட் துண்டுகளாகப் பிரிக்கலாம், நிறுவி தானே சேர்த்துக்கொள்ளும். ரூஃபஸ் நிரல் மூன்றாவது வழியில் போகிறது. பெரிய பகுதியை என்டிஎஃப்எஸ் ஆக வைத்து, அதைப் படிக்கத் தெரிந்த சிறு நிரலை ஒரு குட்டி ஃபேட் பார்ட்டிஷனில் போடுகிறது. ஃபர்ம்வேர் அந்தக் குட்டிப் பகுதியைத் தொட்டு, அங்கிருந்து தாவுகிறது.

பெரும்பாலான லினக்ஸ் ஐஎஸ்ஓக்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. அவற்றை டிடி கட்டளையால் அப்படியே டிரைவின் மேல் படியெடுக்கலாம். இலக்காக முழு டிரைவைக் கொடுக்க வேண்டும், பார்ட்டிஷனை அல்ல. எடுத்துக்காட்டாக, லினக்ஸில் எஸ்டிபி (sdb) என்றால் முழு டிரைவ், எஸ்டிபி1 என்றால் அதன் முதல் பார்ட்டிஷன். பார்ட்டிஷனுக்குள் எழுதினால் கட்டளை வெற்றி என்றே முடியும், கணினி தொடங்காது. பெயரை மாற்றிக் கொடுத்தால் உள் வட்டே அழிந்துவிடும் என்பதால், எழுதும் முன் டிரைவின் அளவைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். எழுதுவதற்கு முன்பே கோப்பு சிதையவில்லை என்று காட்டும் ஐஎஸ்ஓவின் எஸ்எச்ஏ-256 எண்ணைத் தளத்தில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். முன்னேற்றக் கோடு முடிந்தாலும் கடைசிச் சில நூறு மெகாபைட்டுகள் இன்னும் கணினியின் நினைவகத்தில் காத்திருக்கலாம். காத்திருப்பதை டிரைவில் எழுதி முடிக்கும் சிங்க் கட்டளை முடிந்து, முறையாக வெளியேற்றிய பிறகே பிடுங்குங்கள்.

தொடங்கும்போது பூட் பட்டியலில் ஒரே பென் டிரைவ் இரண்டு முறை தெரியலாம். முன்னால் யூஇஎஃப்ஐ என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். மற்றதில் போனால் நிறுவி பழைய பயாஸ் முறையில் ஓடும். பிறகு 'இந்த வட்டு ஜிபிடி வகை, இதில் நிறுவ முடியாது' என்று மறுக்கும் (ஜிபிடி, எம்பிஆர் இரண்டும் வட்டின் பகுதிகளைப் பதியும் அட்டவணை முறைகள்; எம்பிஆர் பழையது). அதைப் படித்துவிட்டுப் பலர் வட்டை அழித்து எம்பிஆராக மாற்றுகிறார்கள். மறுதொடக்கம் செய்து சரியான பெயரைத் தேர்ந்தெடுத்தாலே போதும், எதையும் அழிக்க வேண்டாம். பட்டியலில் டிரைவே வரவில்லையா? ஃபர்ம்வேர் அமைப்பில் ஃபாஸ்ட் பூட்டை அணைத்துப் பாருங்கள். நேரத்தை மிச்சப்படுத்த அது யூஎஸ்பி சாதனங்களைத் தேடாமல் விட்டுவிடும்.

கோப்புகள் நகலாகி முதல் மறுதொடக்கம் வரும்போது பென் டிரைவைக் கழற்றிவிடுங்கள். பூட் வரிசையில் அது முன்னால் இருந்தால் நிறுவி மறுபடியும் முதல் திரையிலிருந்து தொடங்கும். லினக்ஸ் எழுதிய டிரைவை விண்டோஸில் செருகினால் கொள்ளளவு சுருங்கியதுபோலத் தெரியும், அல்லது ஃபார்மேட் செய்யச் சொல்லும். டிரைவ் கெடவில்லை, பார்ட்டிஷன் அட்டவணைதான் மாறியிருக்கிறது. விண்டோஸின் டிஸ்க்பார்ட் நிரலைத் திறந்து, அளவைப் பார்த்து டிரைவின் எண்ணைத் தேர்ந்தெடுத்து, கிளீன் கட்டளை கொடுத்துப் புதிய பார்ட்டிஷன் உருவாக்கினால் முழுக் கொள்ளளவும் திரும்பக் கிடைக்கும்.