ஷேடோயிங்: நிழலா, உழையா?

பினாங்கில் மருத்துவம் படிக்கும் என் அக்கா மகள் இப்போதுதான் வார்டுக்குப் போகத் தொடங்கியிருக்கிறாள். போன வாரம் அழைத்தாள். "மாமா, நாளைக்கு ஸ்பெஷலிஸ்ட்டோட ஷேடோயிங். பாட்டி என்னன்னு கேட்டாங்க, தமிழ்ல சொல்லத் தெரியல."

பொருள் எளிதுதான். மருத்துவர் போகுமிடமெல்லாம் மாணவர் கூடவே போய், அவர் பேசுவதையும் சோதிப்பதையும் முடிவெடுப்பதையும் பார்த்துக் கற்பது. வைத்தியப் பொறுப்பு மாணவருக்கு இல்லை. நம் மலேசிய ஆஸ்பத்திரிகளில் 'டேக்கிங்' (tagging) என்றும் ஒரு சொல் புழங்குகிறது. அது வேறு. ஒரு துறைக்குப் புதிதாக வரும் ஹவுஸ்மேன், அதாவது பயிற்சி மருத்துவர், மூத்தவர்களோடு ஒட்டிக்கொண்டு வேலை பழகும் காலம் அது. அவர் படித்து முடித்த மருத்துவர்.

ஷேடோ என்றால் ஆங்கிலத்தில் நிழல். ஒருவரை விடாமல் பின்தொடர்வது என்ற பொருள் 19ஆம் நூற்றாண்டில் துப்பறிவாளர்களை ஒட்டிப் பரவியது. வேலை பழகுவதற்கு அந்தச் சொல் வந்தது அதற்கும் பிறகு. ஆனால் பழக்கம் பழையது. 'கிளினிக்' என்ற சொல்லே படுக்கையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான். 1889இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பொறுப்பேற்ற மருத்துவர் வில்லியம் ஓஸ்லர், மாணவர்களை நோயாளியின் படுக்கையருகே நிறுத்திக் கற்பித்ததற்காகவே இன்றும் பேசப்படுகிறார்.

சரி, தமிழில்? 'நிழல் கற்றல்' என்று அப்படியே பெயர்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. தமிழில் நிழல் என்றால் காப்பு, அருள். 'அவர் நிழலில் வளர்ந்தவன்' என்றால் அவர் ஆதரவில் வளர்ந்தவன். இன்னொரு பக்கம் நிழலுலகம் இருக்கிறது. 'நிழல் மருத்துவர்' என்று எழுதினால் போலி மருத்துவர் என்றுதான் படிப்பார்கள். 'உடன்கற்றல்' என்றால் ஒரே வகுப்பில் படித்தவர்கள் நினைவுக்கு வருவார்கள்.

எனக்குப் பிடித்த சொல் குறளில் இருக்கிறது. மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறள் (950) மருத்துவத்தை நான்காகப் பிரிக்கிறது: நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உழைச்செல்வான். உழை என்றால் பக்கம். மருந்தைப் பிழையில்லாமல் செய்து தருபவர், பக்கத்திலிருந்து கவனிப்பவர் என்றெல்லாம் உரை சொல்வார்கள். மாணவரைச் சொன்ன குறள் இல்லை இது. ஆனாலும் பக்கத்தில் நிற்பவருக்கு மருத்துவத்தில் கால் பங்கு தருகிறதே! 638ஆம் குறளில் அரசன் அருகே இருந்து நல்லது சொல்லும் அமைச்சரும் 'உழையிருந்தான்'தான். உழை மானையும் குறிக்கும், ஏழிசையில் ஒன்றையும் குறிக்கும். 'உழைப்பு' உடனே காதில் விழும்தான். இடம் பார்த்துப் பொருள் கொள்ள வேண்டும்.

அதனால் நான் எழுதும்போது 'உழைக்கற்றல்' என்பேன்.

ஷேடோயிங்கில் மாணவர் நல்ல பேர் எடுப்பதும் இந்தப் 'பக்கத்தில்'தான் இருக்கிறது. நோயாளியின் வலப்பக்கம் நின்று சோதிப்பது மருத்துவ மரபு. ஆகவே மறுநாள் அக்கா மகள் இடப்பக்கம் நின்றாள். படுக்கையில் பட்டர்வொர்த் ஊர்த் தாத்தா ஒருவர், காலில் சர்க்கரைப் புண். மருத்துவர் கட்டைப் பிரிக்கக் குனிந்தபோது திரைச்சீலையில் ஒரு சாண் இடைவெளி. யாரும் சொல்லாமலே இழுத்து மூடினாள். மருத்துவர் மலாயில் விளக்கினார். தாத்தா "யா, யா" என்று தலையாட்டினார். அவருக்குத் தெரிந்தது பசார் மலாய், சந்தையில் பேசும் எளிய மலாய். அதில் மருத்துவர் சொன்னது பாதிகூட ஏறவில்லை என்பது அவர் கண்ணிலேயே தெரிந்ததாம். அங்கேயே குறுக்கே பேசாமல், திரைக்கு வெளியே வந்தபின் மருத்துவரிடம் மெல்லச் சொன்னாள்: "டாக்டர், அவருக்குப் புரியலைன்னு நினைக்கிறேன். நான் தமிழ்ல கேட்கலாமா?"

இருவரும் திரும்பிப் போனார்கள். முதலில் தான் மாணவி என்று தாத்தாவிடம் சொல்லிக்கொண்டாள். அப்புறம்தான் தெரிந்தது, சர்க்கரை மாத்திரையைச் சாப்பாட்டோடு போட வேண்டும் என்பதே அவருக்குப் போய்ச் சேரவில்லை. ரவுண்ட்ஸ் முடிந்ததும் மருத்துவர் அவள் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

வீட்டில் உழைக்கற்றல் என்றெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. பாட்டியிடம் அவள் சொன்னது: "டாக்டர் பக்கத்துல நின்னு படிக்கிறேன், பாட்டி."