ஸ்பீக்கருக்குள்ளேயே ஆம்ப் இருந்தால்

போன மாதம் ஒரு ஜோடி பவர்டு ஸ்பீக்கர் சர்வீஸுக்கு வந்தது. "புதுசு சார், ஒரு நாள்தான் பாடுச்சு" என்றார் கொண்டுவந்தவர். பின்மூடியைக் கழற்றியதுமே கருகல் வாடை. இரண்டிலும் இன்புட் ஐசி போயிருந்தது. விசாரித்தால், பழைய ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் ஒயர் முனையில், டிவி, பிளேயர் ஒயர்களில் இருக்கும் ஆர்சிஏ பின்னைப் பற்றவைத்து நேராகச் செருகியிருக்கிறார். உள்ளே போகிறதே, அப்புறம் என்ன என்ற நினைப்பு!

இந்த ஸ்பீக்கருக்குள் ஆம்ப் ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு வேண்டியது லைன் சிக்னல், அதாவது ஸ்பீக்கரை ஓட்டும் அளவுக்கு இன்னும் பெருக்காத சிக்னல் மட்டும்தான். சிடி பிளேயர் முழு அளவில் கொடுப்பதே சுமார் 2 வோல்ட். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 50 வாட் தள்ளும் ஆம்பிலிருந்து வருவதோ 20 வோல்ட். பத்து மடங்கு. ஆம்ப் வழியாகத்தான் போக வேண்டுமென்றால் ப்ரீ அவுட்டிலிருந்து (ஆம்பின் பவர் பகுதிக்கு முன்பே சிக்னலை வெளியே தரும் சாக்கெட்) எடுங்கள். அது இல்லையென்றால் ஆம்பையே ஒதுக்கிவிட்டு, டிவியையோ பிளேயரையோ நேராக மாட்டுங்கள்.

நேராக மாட்டும்போது வால்யூம் யார் கையில் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பல கருவிகளின் லைன் அவுட் ரிமோட்டுக்கு அசையாது. எப்போதும் முழு அளவிலேயே வரும். முதல் தடவை ஸ்பீக்கரின் குமிழைக் குறைத்து வைத்துவிட்டுத் தொடங்குங்கள். ஆன் செய்யும்போது ஸ்பீக்கர் கடைசி, அணைக்கும்போது முதல். அந்த 'டப்' சத்தம் வராது.

அதிகம் வரும் புகார் 'ம்ம்' என்ற ஹம். ஸ்பீக்கர் ஒரு பிளக் பாயிண்டிலும் டிவி வேறொன்றிலும் இருக்கும். எர்த் இரண்டு வழியாகச் சுற்றிவரும். இதற்கு எர்த் பின்னை வெட்டிவிடு என்று யோசனை சொல்கிறவர்கள் உண்டு. தயவுசெய்து கேட்காதீர்கள். உள்ளே ஒரு ஒயர் உரசினால் போதும், ஸ்பீக்கரின் உலோகப் பின்பலகையைத் தொடுகிற கைக்கு ஷாக். எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகிப் பாருங்கள். டிவியின் கேபிள் ஒயரைக் கழற்றியதும் ஹம் நின்றால் அது வரும் வழி அந்த ஒயர்தான். அந்த ஒயரில் மாட்ட, சிக்னலை விட்டு எர்த் தொடர்பை மட்டும் துண்டிக்கும் ஐசொலேட்டர் கிடைக்கிறது. இரு பக்கமும் பேலன்ஸ்டு இணைப்பு (இரண்டு ஒயரில் சிக்னலை அனுப்பி, வழியில் சேரும் இரைச்சலைக் கழித்துவிடுவது) இருந்தால் இன்னும் நல்லது.

அந்த ஜோடியைச் சரிசெய்து கொடுக்கும் முன், பழைய ஆம்பின் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். ஸ்பீக்கர் டெர்மினலுக்குப் பக்கத்திலேயே ப்ரீ அவுட் இருந்தது, பிளாஸ்டிக் மூடிகூடக் கழற்றாமல்.