சிறுத்தையை வரைந்தால் ஏன் தட்டையாகிவிடுகிறது?

புள்ளியெல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும், மீசைமுடிகூட ஒவ்வொன்றாகத் தெரியும், ஆனாலும் படத்தில் இருக்கும் சிறுத்தை அட்டையில் வெட்டிப் புல்லுக்கு நடுவே நட்டுவைத்த மாதிரி நிற்கும். இப்படி ஆனால் முதலில் வயிற்றைப் பாருங்கள்.

வெளிச்சம் பெரும்பாலும் மேலிருந்துதான் வருகிறது. அதனால் எந்தப் பொருளுக்கும் மேல்பக்கம் பளிச்சென்றும் அடிப்பக்கம் இருண்டும் இருக்கும், இந்த ஏற்ற இறக்கத்தை வைத்துத்தான் அது உருண்டையா தட்டையா என்று மூளை கணக்குப் போடுகிறது. ஓவியர் நிழல் தீட்டுவதும் இதற்குத்தான். சிறுத்தையின் தோல் இதைத் தலைகீழாகச் செய்கிறது: முதுகில் அடர்ந்த பழுப்பு மஞ்சள், விலாவில் வெளிறிக்கொண்டே வந்து, வயிற்றில் வெள்ளை. வெயில் முதுகை வெளுப்பாக்க, நிழல் வயிற்றை மங்கலாக்க, இரண்டும் கழிந்துபோய் உடம்பின் திரட்சியே கண்ணுக்குப் பிடிபடாமல் போகிறது.

இதை ஒரு விதியாக எழுதிவைத்தவரே ஓர் ஓவியர்தான். அமெரிக்கரான ஆபட் தேயர் 1896-இல் சர்க்கரைவள்ளிக் கிழங்குகளுக்கு மேலே மண் நிறமும் அடியில் வெள்ளையும் பூசி, தரையிலிருந்து சற்றுத் தூக்கி வைத்துப் பறவையியலாளர்களுக்குக் காட்டினார்; கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தவர்களுக்குக் கிழங்கு எங்கே என்று தெரியவில்லை. (அப்புறம் மனிதர் அளவு மீறிப் போனார், பூநாரை சிவந்திருப்பதே அந்திவானத்தில் மறையத்தான் என்று அடித்துச் சொல்லிக் கேலிக்கு ஆளானார். கிழங்கு விஷயம் மட்டும் நிலைத்துவிட்டது.)

சரி, தூரிகைக்கு வருவோம். வயிறு வெள்ளை என்று தெரிந்திருப்பதால் கை தானாக வெள்ளைச் சாயத்துக்குப் போகிறது, அங்கேதான் படம் கெடுகிறது. நிழலில் இருக்கும் வெள்ளை வெள்ளையாகவே இருக்காது. வானத்தின் நீலம் கொஞ்சம், கீழே புல்லில் பட்டு எதிரொளிக்கும் பச்சையோ காவியோ கொஞ்சம் அதில் ஏறியிருக்கும், வெயில் பட்ட முதுகைவிட அது கறுத்துக்கூடத் தெரியலாம்.

ஆனால் நிறத்தை அப்படியே பிடித்தாலும் சிக்கல்தான், விலங்கு காட்டோடு கரைந்துவிடும். திரட்சியைத் திரும்பக் கொண்டுவரப் புள்ளிகள்தான் உதவும். உடம்பில் அவை நடுவே வெற்றிடம் விட்ட வளையங்களாக இருக்கும். விலாவில் நமக்கு நேராக இருக்கும் வளையம் ஓரளவு வட்டமாகத் தெரியும், அதுவே முதுகுத்தண்டை நோக்கியோ வயிற்றை நோக்கியோ உடம்பு வளையும் இடத்தில் ஒடுங்கி நீள்வட்டமாகும், வளையங்களுக்கு இடையிலான சந்தும் சுருங்கும். தலையிலும் கால்களிலும் வளையமே கிடையாது, நிரம்பிய கரும்புள்ளிதான். எல்லா இடத்திலும் ஒரே அளவில் குத்திக்கொண்டு போனால் துணியில் அச்சடித்ததுபோல் ஆகிவிடும். வளையத்துக்கு நடுவில் மட்டும் பொட்டு வைத்துவிடாதீர்கள், அது அமெரிக்கக் கண்டத்து ஜாகுவார் ஆகிவிடும்.