அடையாளம்: அட்டையில் இருப்பதும் கதையில் இருப்பதும்

தத்துப்பிள்ளைகளும் உறவினரிடம் வளரும் பிள்ளைகளும் தேடும் ‘ஐடென்டிட்டி’யைத் தமிழில் எந்தச் சொல்லால் சொல்வது? அடையாளம் என்றதும் முதலில் ஞாபகம் வருவது அட்டை, அடுத்தது சான்றிதழில் எழுதும் அங்க அடையாளம், இடது முழங்கையில் ஒரு மச்சம். ‘ஐடென்டிட்டி’க்கும் இதே சொல்லைத்தான் புழங்குகிறோம். ஆனால் அந்த ஆங்கிலச் சொல்லின் வேர் ‘இடெம்’ என்ற லத்தீன் சொல், ‘அதே’ என்று பொருள். நேற்றிருந்த அதே ஆள்தான் இன்றும் என்கிற தொடர்ச்சி. தமிழ்ச் சொல்லின் பொருள் குறி, அதாவது ஒன்றை இன்னதென்று இன்னொருவர் தெரிந்துகொள்ள உதவுவது.

பழைய வழக்கில் இந்தக் குறி உடம்பிலோ தாளிலோதான் இருக்க வேண்டும் என்றில்லை. ராமனிடமிருந்துதான் வருகிறேன் என்று சீதையை நம்பவைக்க அனுமன் சொல்லும் அடையாளங்களைப் பெரியாழ்வார் ஒரு பதிகம் முழுக்க அடுக்குகிறார். மோதிரம் கிட்டத்தட்ட கடைசியில்தான் வருகிறது, அதற்கு முன்னால் வருவதெல்லாம் சம்பவங்கள்: ஓர் இரவு மல்லிகை மாலையால் நீ அவனைக் கட்டினாயே, அது ஓர் அடையாளம். (அந்தப் பெரியாழ்வாரே ஆண்டாளைத் துளசித் தோட்டத்தில் கண்டெடுத்து வளர்த்தவர் என்பது மரபு.)

சரி, இப்போது தத்துப்பிள்ளைக்கு வருவோம். ‘தத்து’ வடமொழி ‘தத்த’விலிருந்து வந்தது, கொடுக்கப்பட்டது என்று பொருள். ‘சுவீகாரம்’ என்றால் தனதாக்கிக்கொள்வது. ஒன்று கொடுத்தவர் பக்கம், மற்றது வாங்கியவர் பக்கம், நடுவில் இருக்கும் பிள்ளையின் பக்கமிருந்து பேசும் சொல் இரண்டிலும் இல்லை. அந்தப் பிள்ளைக்குப் பதினான்கு வயதாகும்போது, மருத்துவர் சாதாரணமாக “குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை இருக்கா?” என்று கேட்பார், அது திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்க்கும். என் மூக்கு யாருடையது, என் கோபம் யாரிடமிருந்து வந்தது என்பதெல்லாம் அந்த வயதில் எல்லாரும் கேட்பதுதான், மற்றவர்களுக்குப் பதில் சாப்பாட்டு மேசைக்கு எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறது. பிறப்பு வழி தெரியாத இந்தத் தவிப்புக்கு எச். ஜே. சாண்ட்ஸ் என்ற உளவியலாளர் 1964-இல் எழுதிய கட்டுரையில் ஒரு பெயர் வைத்தார். தமிழில் ‘மரபுவழித் திகைப்பு’ எனலாம்.

பதின்ம வயதின் ‘அடையாள நெருக்கடி’யைப் பற்றி நிறைய எழுதிய உளவியலாளர் எரிக் எரிக்சனுக்கே தன்னைப் பெற்ற தந்தை யாரென்று கடைசிவரை தெரியாது. அம்மாவை மணந்தவர் அவரைத் தத்தெடுத்துக்கொண்டார். பின்னாளில் எரிக் தானாகவே வைத்துக்கொண்ட ‘எரிக்சன்’ என்ற பெயருக்கு ‘எரிக்கின் மகன்’ என்று அர்த்தம்!

உறவினர் வளர்ப்பில் சிக்கல் வேறு மாதிரி. பாட்டியிடமோ சித்தியிடமோ வளரும் பிள்ளைக்கு யாருக்குப் பிறந்தோம் என்பது தெரியும், ஏன் இங்கே இருக்கிறோம் என்பதைத்தான் ஒருவரும் முழுசாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். பாட்டிக்கு அது தன் மகளைப் பற்றிய துக்கம் அல்லது கோபம், பேரனுக்கோ அது அம்மா. அதனால் கேட்டபோதெல்லாம் “அதெல்லாம் இப்ப எதுக்கு?” என்றே பதில் வருகிறது.

‘ஐடென்டிட்டி’க்கு இணைச்சொல் என்று பார்த்தால் தனித்துவம், தனித்தன்மை இரண்டும் ஒத்துவராது, அவை ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்துக்காட்டுபவை, இந்தப் பிள்ளைகள் தேடுவதோ ஒட்டும் இடத்தை. ‘தன்னடையாளம்’ பரவாயில்லை. எனக்கு வெறும் அடையாளமே போதும், பழைய பொருளோடு எடுத்துக்கொண்டால். அந்தப் பொருளில் அது அறிந்தவர் சொல்லக் கேட்பது, பிள்ளை தனியாக உட்கார்ந்து கண்டுபிடிக்கச் சாத்தியமில்லை. “நீ எங்களுக்குக் கடவுள் கொடுத்த வரம்” என்பது அன்பான பேச்சு, ஆனால் அதில் அடையாளம் ஒன்றும் இல்லை. “உன்னைக் கூட்டிவந்த அன்றைக்கு மஞ்சள் சட்டை போட்டிருந்தாய், வழி முழுக்கத் தூங்கவே இல்லை, உன் அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டு உன் கால்விரலைப் பிடித்துக்கொண்டே நின்றாள்” என்பதில் மூன்று இருக்கிறது.